தூக்கு இல்லாத 50 வருடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வருகிற ஜூன் 23, செவ்வாய்க்கிழமை, இலங்கையில் கடைசியாக ஒருவரைத் தூக்கில் போட்டு 50 வருடம் நிறைகிறது. 1976க்குப் பிறகு எத்தனை ஜனாதிபதிகள், எத்தனை அவசரகாலச் சட்டங்கள், தெருவிலும் முகாமிலும் எத்தனை ஆயிரம் கொலைகள்! ஆனாலும் நீதிமன்றம் சொல்லி, நாள் குறித்து, ஒரு மனிதரை மேடையில் ஏற்றி நிறுத்துகிற அந்த ஒரு வேலை மட்டும் நடக்கவில்லை. அதை நடக்கவிடாமல் பாடுபட்டவர்களை நினைத்து யாழ்ப்பாணத்திலும் அந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு நடந்ததுக்கெல்லாம் பிறகுமா என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டு போன மட்டைகளில் பாதிக்கு மேல் நான் எழுதிக் கொடுத்தவை. ஆசிரியர் அறையில் இருந்து சிவப்பு மார்க்கரால் ‘தூக்கில் போடு’ என்று எழுதினேன், மை முடிந்து எழுத்து மங்க மங்க அதன் மேலேயே திரும்பத் திரும்ப இழுத்தேன். அந்தக் கோபத்தை இன்றைக்கும் பிழை என்று சொல்லமாட்டேன். 2017இல் அந்த வழக்கில் ஏழு பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டபோது எனக்கு நிம்மதிதான் வந்தது.

என் மனம் மாறியது மிருசுவில் கொலைகளால். நான் அந்த ஊர் இருக்கிற தென்மராட்சிக்காரி. 2000 டிசம்பர் 19, இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்த வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பேரை, அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று, கொன்று மலக்குழிக்குள் போட்டார்கள். 15 வருடம் கழித்து ஒரே ஒரு இராணுவச் சாஜன்ட்டுக்கு மரணதண்டனை கிடைத்தது, 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் நாங்கள் படலையைத் தாண்ட முடியாமல் இருந்த நேரம், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்புக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தீர்ப்பு வாசிக்கும்போது விளக்கை அணைப்பார்கள், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நீதிபதி பேனாவை முறிப்பார், கேட்கிற எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அப்புறம் யார் உள்ளே இருப்பது யார் வெளியே போவது என்பதெல்லாம் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. போதைப்பொருள் வழக்குகளில் நாலு பேரைத் தூக்கிலிட 2019 ஜூனில் கையெழுத்து வைத்த அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனதான், அதே வருடம் நவம்பரில் றோயல் பார்க் மாடிக்குடியிருப்பில் ஒரு பெண்ணைக் கொன்ற வழக்கின் மரணதண்டனைக் கைதியை மன்னித்து விட்டவர். அந்த மன்னிப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2024 ஆகிவிட்டது. செய்தவர் செய்ததற்கு உள்ளே இருக்க வேண்டும், எந்த ஜனாதிபதியும் தன் அரசியலுக்காக அவரை இறக்கிவிட முடியாமல் இருக்க வேண்டும், நான் கேட்பது அவ்வளவுதான். அதற்குக் கயிறு எதற்கு?

அந்த 2019ஐ மறக்கவும் கூடாது. அலுகோசு வேலைக்கு, அதாவது தூக்கில் போடுகிற வேலைக்கு, விளம்பரம் போட்டு, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, இரண்டு பேரைத் தெரிவும் செய்தாயிற்று. மனுவுக்கு மேல் மனுவாகப் போய், ஜூலை 5இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தபடியால்தான் நாங்கள் இன்றைக்கு 50 என்று எண்ணுகிறோம்.

கயிறு எங்கள் ஊர்ப் பிள்ளையின் கழுத்து வரை வந்ததும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உடுப்பிட்டி சாந்தனுக்கும் பேரறிவாளன், முருகனுக்கும் 2011 செப்டெம்பர் 9 என்று வேலூரில் நாள் குறித்திருந்தார்கள். பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் வாசல் வாசலாக ஏறி இறங்க, தமிழ்நாடே தெருவில் திரள, ஆகஸ்ட் 30இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2014இல் தண்டனை குறைந்தது, 2022 நவம்பரில் சாந்தனுக்கு விடுதலையும் வந்தது. விடுதலை என்ன விடுதலை, அதற்குப் பிறகும் திருச்சி முகாமில்தான் வைத்திருந்தார்கள். ஊருக்கு வர அனுமதி கிடைத்த நேரத்தில், 2024 பெப்ரவரி 28, சென்னை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைக் கொண்டுவந்த அன்று நானும் உடுப்பிட்டிக்குப் போனேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, “பெத்தவள் ஒரு வாய் சோறு தீத்தக்கூடக் குடுத்து வைக்கேல்லையே” என்று யாருக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 2011இல் அந்தச் சனம் தெருவில் இறங்கியிராவிட்டால் அந்தத் தாய்க்குக் காத்திருக்கவும் ஒன்றும் மிஞ்சியிராது.

50 வருடம் என்று சும்மா இருக்கவும் முடியாது, சட்டப் புத்தகத்தில் மரணதண்டனை அப்படியே இருக்கிறது. 1956இல் பிரதமர் பண்டாரநாயக்க நிறுத்தினார். 1959இல் அவரையே சுட்டுக் கொன்றார்கள், அந்தக் கோபத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள், சுட்ட சோமாராமவை 1962இல் தூக்கிலும் போட்டார்கள். இன்னொரு கொடூரக் கொலை, இன்னொரு தேர்தல், கயிறு திரும்பி வர அவ்வளவு போதும்.

23ஆம் திகதி பின்னேரம் எங்கள் ஊர் வாசிகசாலையில் கூடுகிறோம், வாசகர்கள் வாருங்கள். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியரே. அன்றைய பத்திரிகையில் இந்த 50 வருடத்தைப் பற்றி எழுதினால், மிருசுவிலில் கொல்லப்பட்ட எட்டுப் பேரின் பெயர்களையும் அதே பக்கத்தில் போடுங்கள். ஒன்றுக்காக மற்றதை நாங்கள் விடவில்லை என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சாவகச்சேரி.