கிளி மாமியின்ரை கைப்பையிலை வாற கடிதம்

ஸ்காபரோ
23.02.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் வாணியும் குஞ்சனும் சுகமா இருக்க நல்லூரானை வேண்டுறன்.

உங்கடை கடிதம் மார்கழியிலை கிளி மாமியோடை வந்து சேர்ந்தது. இண்டைக்கு மாசி முடியப்போகுது. இவ்வளவு நாளும் அது என்ரை தலகணிக்குக் கீழை கிடக்கு. போனிலை கதைக்கிறம் தானே, அதாலை எழுதேல்லை எண்டு சொன்னால் பொய். போனிலை கேக்காததையெல்லாம் நீங்கள் கடிதத்திலை கேட்டிருந்தியள். என்ன எழுதுறதெண்டு தெரியாமல் தான் நாள் போட்டது. மன்னியுங்கோ அம்மா. மாமி வாற செவ்வாய் வெளிக்கிடுறா. அவவின்ரை கைப்பையிலை இதை வைச்சுவிடப்போறன். இண்டைக்கு ஞாயிறு, வேலையாலை வந்து சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அப்பிடியே எழுத இருந்திட்டன்.

முதலிலை அந்த விமானக் கதை. போன திங்கள் இஞ்சை ரொறன்ரோவிலை பியர்சன் விமான நிலையத்திலை ஒரு விமானம் தலைகீழாக் கிடந்ததை ரீவியிலை பார்த்திட்டு நீங்கள் பட்ட பாட்டை வாணி சொன்னவள். மினியாபொலிஸிலையிருந்து வந்த விமானம் அது. உள்ளுக்கு இருந்த 80 பேரும் உயிரோடை வெளியிலை வந்திட்டினம். நான் விமானத்துக்குப் பக்கத்திலை வேலை செய்யிறேல்லை அம்மா. அதிலை போற சனத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற கட்டடம் அங்கையிருந்து தள்ளி. அண்டைக்கு எனக்கு வந்த கரைச்சல், வீட்டை வாற பஸ் பிந்தினது மட்டும் தான். அதுக்கு முதல் கிழமை முழுக்க இஞ்சை பனி கொட்டித் தள்ளினது. றோட்டுக்கரையிலை பனி என்ரை நெஞ்சளவுக்குக் குவிஞ்சிருக்கு. பஸ்ஸுக்கு நிக்கேக்கை அது காத்தை மறிக்குது, அந்தளவிலை நல்லம்.

இனி உங்கடை கேள்வி. "நான் வந்து இறங்கேக்கை காரிலை தானே வந்து ஏத்துவாய்?" எண்டு கேட்டிருந்தியள். காரை நான் ஐப்பசியிலை வித்துப்போட்டன். யோசிக்காதேங்கோ. பனிக்குள்ளை அதை வழிக்கிறதும், இன்சூரன்ஸ் கட்டுறதும் பெரிய அலுப்பு. வேலையும் இப்ப கிழமையிலை நாலு நாள் தான். அதாலை ஓய்வும் கிடைக்குது. பஸ்ஸிலை போய் வந்து எனக்கு இப்ப அந்தப் பாதை நல்லாப் பழகிட்டுது. உங்களையும் அதாலை தான் கூட்டிக்கொண்டு வருவன்.

பாதையைச் சொல்லுறன், குஞ்சனிட்டைச் சொல்லிப் படத்திலை பாருங்கோ. நான் இருக்கிறது ஊரின்ரை கிழக்குக் கரை, விமான நிலையம் மேற்குக் கரை. வீட்டடியிலை பஸ் ஏறி கெனடி ஸ்ரேசனுக்குப் போகவேணும். அங்கை நிலக்கீழ் ரெயின் ஏறினால் இந்தத் தொங்கலிலையிருந்து அந்தத் தொங்கல் மட்டும் 31 ஸ்ரேசன். கடைசி ஸ்ரேசன் கிப்பிளிங். அங்கை 900 ஆம் இலக்க பஸ் நிக்கும், விமான நிலையத்துக்கெண்டே ஓடுற பஸ். பெட்டி வைக்கத் தட்டும் இருக்கு. வாசலிலையிருந்து வாசலுக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டு வையுங்கோ. இவ்வளவுக்கும் ஒருக்காத் தான் காசு, 3 டொலர் 30 சதம். 65 வயசு தாண்டின ஆக்களுக்கு பிரெஸ்ரோ எண்டுற, பஸ்ஸுக்கும் ரெயினுக்கும் காசு கட்டுற அட்டையிலை 2 டொலர் 25 சதம். உங்களுக்கு அது தான் வரும். மாசப் பாஸும் இருக்கு, 156 டொலர். நாப்பத்தெட்டுத் தரம் ஏறி இறங்கினால் தான் அது கட்டும், நாலு நாள் வேலைக்குத் தேவையில்லை. ரக்சி பிடிச்சால் என்ரை ஒரு நாள் சம்பளத்திலை பாதிக்கு மேலை போயிடும். அதாலை நான் அந்தப் பக்கம் பார்க்கிறேல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கஷ்டம். அண்டைக்கு நிலக்கீழ் ரெயின் காலமை எட்டு மணிக்குத் தான் தொடங்கும். எனக்கு வேலை ஆறு மணிக்கு. அதாலை விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பி, 300 ஆம் இலக்க இரவு பஸ்ஸைப் பிடிக்கிறன். அது புளூர்-டான்ஃபோர்த் றோட்டாலை ஊரைக் குறுக்கை வெட்டி விமான நிலையம் மட்டும் போகும். இண்டைக்கும் அதிலை தான் போனனான். அந்த நேரம் பஸ் நிறையச் சனம் அம்மா. ஒருத்தரிட்டையும் பெட்டி இல்லை. தூக்குச்சட்டியும் சப்பாத்துப் பையும் தான். கூட்டுற ஆக்கள், பெட்டி ஏத்துற ஆக்கள், கோப்பி ஊத்துற பிள்ளையள். எல்லாரும் யன்னலிலை தலையைச் சாய்ச்சு நித்திரை. விமான நிலையத்துக்குப் பாதை எண்டால் எல்லாரும் பெட்டியோடை வாற பயணியைத் தான் நினைக்கினம். கிழமையிலை நாலைஞ்சு நாள் போய் வாறது நாங்கள். அந்த பஸ் ஒரு நாள் வராட்டி பயணி ரக்சியிலை போவார். எங்களுக்கு அண்டைய சம்பளம் போயிடும்.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி போனிலை சொன்னனான் தானே. கயானாவிலை பிறந்தவர். பூட்டன் காலத்திலை கரும்புத் தோட்டத்துக்கெண்டு மதராசிலை கப்பலேறின ஆக்களாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனா மாரியம்மன் எண்டு மட்டும் வடிவாச் சொல்லுவார். முந்தி பஸ் ஓட்டினவர், இப்ப பென்சன். விடிய நாலு மணிக்கே எழும்பித் தன்ரை வாசலிலை பனி வழிச்சுப்போட்டு, கேக்காமலே எங்கடை வாசலையும் வழிச்சுவிடுவார். பழைய பஸ் ரிக்கெற் எல்லாம் பிஸ்கட் ரின்னுக்குள்ளை அடுக்கி வைச்சிருக்கிறார். ஒவ்வொண்டையும் எடுத்துக் காட்டிக் கதை சொல்லேக்கை கண் கலங்குது அவருக்கு. கெனடியும் கிப்பிளிங்கும் 1980 இலை ஒரே நாளிலை திறந்ததாம். ஸ்காபரோவுக்குள்ளை 1985 இலை தொடங்கின சின்ன ரெயின் 2023 ஆடியிலை தடம் புரண்டு, பேந்து ஓடவேயில்லை. அண்டையிலையிருந்து அந்தப் பக்கச் சனம் கெனடிக்கு வாறது பஸ்ஸிலை தான். எக்ளின்ரன் றோட்டிலை 2011 இலை வெட்டத் தொடங்கின ரெயின் பாதையும் இந்த 2025 மாசி மட்டும் திறக்கேல்லை. கிழவர் நடந்துபோய் வேலியாலை எட்டிப் பார்த்துப்போட்டு வருவார்.

அவர் சொன்னதிலை எனக்கு மனசிலை நிண்டது ரவுனுக்குள்ளை இருக்கிற யூனியன் ஸ்ரேசனிலையிருந்து விமான நிலையத்துக்கு ஓடுற ரெயினின்ரை கதை. 2015 ஆனியிலை திறந்தவை. கால் மணித்தியாலத்துக்கு ஒண்டு, 25 நிமிசத்திலை போய்ச் சேரும். பெட்டி வைக்கத் தட்டு, மெத்தைக் கதிரை, எல்லாம் திறம். ரிக்கெற் 27 டொலர் 50 சதம், பிரெஸ்ரோ அட்டை வைச்சிருந்தால் 19. அப்ப ஒன்ராறியோவிலை ஆகக்குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 11 டொலர். ரெண்டரை மணித்தியாலம் வேலை செய்தால் 25 நிமிசம் இருந்து போகலாம். ஆர் ஏறுவினம்? கதிரையெல்லாம் வெறுமையாக் கிடக்க ரெயின் போய் வந்துகொண்டிருந்ததாம். அடுத்த பங்குனியிலை 12 டொலருக்கும் அட்டைக்கு 9 டொலருக்கும் இறக்கிச்சினம். பேந்து சனம் நிரம்பத் தொடங்கிச்சுது. ரெயின் அதே ரெயின், பாதையும் அதே பாதை. இப்ப 12 டொலர் 35 சதம், அட்டைக்கு 9 டொலர் 25 சதம்.

நான் அதிலை ரெண்டு தரம் போனனான். நல்ல ரெயின் தான், குறை சொல்ல மாட்டன். ஆனா எங்கடை பக்கத்தாலை போறவைக்கு ஒரு இடைஞ்சல் இருக்கு. நிலக்கீழ் ரெயினாலை டண்டாஸ் வெஸ்ற்றிலை இறங்கினால், அந்த ரெயினின்ரை புளூர் ஸ்ரேசன் கிட்ட. கிட்ட எண்டாலும் வெளியாலை, றோட்டாலை நடக்கவேணும். மறை 15 பாகைக் குளிரிலை, உப்பும் பனியும் கலந்த சேத்திலை, ரெண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறது வயசு போன ஆக்களுக்கு ஏலாது. கிப்பிளிங்கிலை அப்பிடியில்லை. லிப்ற் இருக்கு, ரெயினாலை இறங்கி மேலை வந்து கூரைக்குக் கீழையே பஸ் ஏறலாம். அதாலை தான் செவ்வாய்க்கிழமை மாமியை கிப்பிளிங்காலை கூட்டிக்கொண்டு போறன். மருமகனுக்கு அண்டைக்கு லீவு இல்லையாம். மாமி பயந்தவா தான், ஆனா போன கிழமை ஒருக்கா வெறுங்கையோடை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாப் பிறகு இப்ப "இதென்ன, கோயிலுக்குப் போறமாதிரிக் கிடக்கு" எண்டுறா.

வன்கூவரிலை இருக்கிற பவா, தங்கடை ரெயின் தான் திறம் எண்டு போனிலை சண்டை பிடிப்பான். 2009 இலை, ஒலிம்பிக்குக்கு முதல், விமான நிலையத்துக்குள்ளையே கொண்டுபோய்த் திறந்தவை. ஆனா விமான நிலையத்திலையிருந்து ரவுனுக்கு வரேக்கை ரிக்கெற்றுக்கு மேலாலை 5 டொலர் கூட எடுப்பினம். போகேக்கை அது இல்லை. வந்து இறங்கிற நேரம் தானே எந்தப் பக்கம் திரும்புறதெண்டு தெரியாமல் சனம் நிக்கும், கையிலை ஊர்க் காசு மட்டும் இருக்கும். அந்த நேரம் கூட எடுக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை. நான் வந்த முதல் நாள் ஞாபகம் இருக்கு. ராசன் அண்ணை வர ஒண்டரை மணித்தியாலம் பிந்திட்டுது. நீங்கள் கட்டித் தந்த பருத்தித்துறை வடையைத் திண்டுகொண்டு, ஆரிட்டை என்ன கேக்கிறதெண்டு தெரியாமல் ஒரு தூணுக்குப் பக்கத்திலை நிண்டனான். 3 டொலருக்கு வாசலிலை ஒரு பஸ் நிக்குதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். வேலை முடிஞ்சு சில நாள் நான் நேரை பஸ் ஏறுறேல்லை. ரெர்மினல் 1 இலை ஆக்கள் வெளியிலை வாற கதவடியிலை போய் நிப்பன். ஒருத்தரையும் கூப்பிட இல்லை, சும்மா தான். டோஹா, துபாய், லண்டன் பக்கத்தாலை வாற விமானங்கள் இறங்கினால் எங்கடை ஆக்களும் வருவினம். கதவு திறக்கத் தமிழ் கேக்கும். "உவன் பெரியாளா வளந்திட்டான்", "அப்பாவை ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை" எண்டு கேக்கும். ஒரு நாள் ஒரு ஆச்சி, பச்சைச் சீலைக்கு மேலாலை ஆம்பிளையளின்ரை பெரிய கோட்டுப் போட்டு, வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தா. பெட்டியிலை வெள்ளைப் பெயின்ராலை கொடிகாமம் எண்டு எழுதிக் கிடந்தது. கிட்டப் போய் எந்தப் பக்கம் எண்டு கேக்க நினைச்சனான். வாய் வரேல்லை. பெட்டி போகேக்கை ஒடியல் மணம் அடிச்சது. அண்டைக்கு 900 பஸ் ரெண்டு போக விட்டிட்டுத் தான் ஏறினனான்.

இதை வாணிக்கு வாசிச்சுக் காட்டாதேங்கோ.

உங்கடை விசாப் பத்திரம் இன்னும் கொஞ்சம் பிந்தும். என்ரை இந்த வருச வரிக் கணக்கு வந்தாப் பிறகு போடுறது நல்லம் எண்டு சொல்லினம். பனி இல்லாத நேரம் வந்தால் உங்களுக்கும் சுகம். வரேக்கை கொழும்புக்கு வான் பிடிக்கவேண்டாம். வான்காரர் கேக்கிற காசு அநியாயம். கொடிகாமத்திலை ரெயின் ஏறினால் கோட்டையிலை இறங்கலாம். 2014 ஐப்பசியிலை ரெயின் திரும்ப யாழ்ப்பாணம் வந்த நேரம், தண்டவாளத்துக்குப் பூப்போட நீங்கள் போனது எனக்கு ஞாபகம். கோட்டையிலை 187 பஸ் கட்டுநாயக்காவுக்குப் போகும். குஞ்சன் உங்களோடை வந்து விமான நிலைய வாசல் மட்டும் விடட்டும். ஒரு நாள் முந்தியே போய் வெள்ளவத்தையிலை சின்னம்மா வீட்டிலை தங்குங்கோ. பலாலியாலை சென்னைக்குப் போய் வாறது அலைச்சல், அதை விடுங்கோ.

கிணத்து மோட்டரைப் பற்றிக் கேட்டிருந்தியள். புதுசு வாங்காதேங்கோ, மோட்டரின்ரை கம்பியைத் திரும்பச் சுத்தித் தரச் சொல்லி சாவகச்சேரியிலை குடுங்கோ. காசு இந்த மாசம் பத்து நாள் பிந்தும், பாங்கிலை ஒரு சின்னப் பிரச்சினை. அது வந்தாப் பிறகு மோட்டருக்குக் குடுக்கலாம். அதுமட்டும் பக்கத்து வளவிலை தண்ணி அள்ளுங்கோ. பெரியப்பாவின்ரை பங்குக் காணிக்கு உறுதி முடிக்கிறதெண்டால், நான் அனுப்பின அட்டோர்ணித் தத்துவத்தை நொத்தாரிசிட்டைக் காட்டிக் கேளுங்கோ, ஒரு கையெழுத்தும் அவசரத்திலை வைக்கவேண்டாம். வாணிக்கு வந்த கிளிநொச்சிச் சம்பந்தம் என்னாச்சு? பெடியன் நல்லவன் எண்டால் சீதனக் கதையை என்னோடை கதைக்கச் சொல்லுங்கோ, நீங்கள் ஒண்டும் ஒத்துக்கொள்ளாதேங்கோ. குஞ்சன் ஏ.எல். சோதினைக்குப் படிக்கிறானோ? போனைப் பிடுங்கி வையுங்கோ.

மாமியின்ரை பெட்டியிலை உங்கடை கண் மருந்து ரெண்டு போத்தலும், வாணிக்கு ஒரு சுவெற்றரும், கிழவர் தந்த பிஸ்கட் ரின் ஒண்டும் இருக்கு. ரின்னுக்குள்ளை ரிக்கெற் இல்லை, பிஸ்கட் தான். மாமி கட்டுநாயக்காவிலை புதன் இரவு இறங்குவா, ராசன் அண்ணையின்ரை தம்பியார் கூட்டிக்கொண்டு வருவார். வியாழன் பின்னேரம் போய் எடுங்கோ. கண் மருந்தைக் குளிரிலை வைக்கவேணும், வெய்யிலுக்கை விட்டுவிடாதேங்கோ.

வரேக்கை மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ இடிச்சுக் கொண்டு வாங்கோ.

உங்கள் அன்பு மகன்,
கண்ணன்

மறந்திட்டன்: மாமியிட்டை ஒரு பிரெஸ்ரோ அட்டை குடுத்துவிடுறன், அதிலை 10 டொலர் போட்டிருக்கு. சாமிப் படத்துக்குப் பின்னாலை வைச்சிருங்கோ. வரேக்கை கைப்பையிலை மேலாலை இருக்கவேணும்.