கப்பல் அட்டையும் வரவில்லை, கணக்கும் சரியில்லை

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அமெரிக்கப் புரட்சிப் போர் பலகை விளையாட்டில் உள்ள குறைகள்

ஐயா / அம்மா,

வணக்கம். 1776-ல் பிரான்ஸிலிருந்து அமெரிக்கர்களுக்கு ரகசியமாகத் துப்பாக்கியும் வெடிமருந்தும் அனுப்பும் உங்கள் பலகை விளையாட்டைப் போன மாதம் வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததுமே ஏமாற்றம். ஆம்ஃபித்ரீத் கப்பல் அட்டையைக் காணோம். சேன் கப்பல் அட்டை மட்டும் இரண்டு இருக்கிறது.

“ஏதோ ஒரு அட்டைதானே, அதை வைத்து ஆடுங்கள்” என்றார் தொலைபேசியில் உங்கள் ஊழியர். ஆம்ஃபித்ரீத் 50-க்கும் மேற்பட்ட பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு 1777-ல் அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் துறைமுகம் போய்ச் சேர்ந்த கப்பல். சேனோ, மார்ட்டினிக் தீவில் சரக்கில் ஒரு பகுதியை இறக்கிய பிறகு ஆங்கிலேயரிடம் சிக்கிய கப்பல். மாட்டிக்கொள்ளும் கப்பலையே இரண்டாகக் கொடுத்தால் நான் எப்படி ஜெயிப்பது?

சரி, அட்டை விடுபட்டது பெட்டி அடுக்கியவரின் கவனக்குறைவு என்று விடலாம். விதிப்புத்தகத்தை என்ன சொல்ல? இந்த ஆயுதங்களை ரகசியமாக அனுப்பிய பிரெஞ்சு நாடக ஆசிரியர் பொமார்ஷேயின் போலி வணிக நிறுவனத்துக்கு பிரான்ஸ் 20 லட்சம் லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்ததாகப் போட்டிருக்கிறீர்கள். பிரான்ஸ் கொடுத்தது 10 லட்சம்; ஸ்பெயின் இன்னொரு 10 லட்சம். அமெரிக்கர்களுக்காகப் போரிடப் போன பிரெஞ்சுப் பிரபு லஃபாயெத் சொந்தப் பணத்தில் வாங்கிய விக்துவார் கப்பலையும் இந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு கடைசிச் சுற்றில். சரக்கு இறங்கியதும் அமெரிக்கக் காங்கிரஸ் புகையிலை ஏற்றிக் கடனை அடைத்துவிடுகிறதாம்! அப்படி அடைத்திருந்தால் பொமார்ஷே ஏன் அத்தனை கடிதம் எழுதினார்? வந்ததெல்லாம் பிரெஞ்சு அரசரின் அன்பளிப்பு என்று ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஆர்தர் லீ காங்கிரஸிடம் சொல்லிவைத்தார். பாக்கி இழுத்துக்கொண்டே போனது. பொமார்ஷே 1799-ல் இறந்தார். வாரிசுகள் கைக்கு 1835-ல்தான் பணம் வந்தது, அதுவும் 8 லட்சம் பிராங்க் மட்டும். கப்பலை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்துக்கிடப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதையே எடுத்துவிட்டீர்கள். (மூன்று மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வராத எனக்கு அவர் கஷ்டம் நன்றாகவே புரிகிறது.)

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். பிரான்ஸின் லே ஆவ்ர் துறைமுகத்துக்கு ‘துரான்’ என்ற பொய்ப்பெயரில் போன பொமார்ஷே, அங்கே தன் நாடகம் நடக்கப்போவது தெரிந்ததும் பொறுக்காமல் ஒத்திகைக்குப் போய், நடிகர்களைத் திருத்தித் தானே அம்பலமான கதையை ஓர் அட்டையாக்கியிருக்கிறீர்கள். அதை வரைந்தவரிடமே விதிப்புத்தகத்தையும் கொடுத்திருக்கலாம்.

ஆம்ஃபித்ரீத் அட்டையையும் திருத்திய விதிப்புத்தகத்தையும் 15 நாட்களுக்குள் அனுப்பிவையுங்கள். முடியாதென்றால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். ரசீது நகலும் இரண்டு சேன் அட்டைகளின் புகைப்படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்