மலைக்குப் போன அண்டாவும் கை கொடுத்தவர்களும்

அன்புள்ள சொந்தபந்தங்களுக்கும், பங்கு மக்களுக்கும், கடைக்காரர்களுக்கும், வண்டி ஓட்டி வந்த தம்பிக்கும் வணக்கம்.

மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்து, குடிலைப் பிரித்துப் பரணில் ஏற்றியாகிவிட்டது. இந்தக் கிறிஸ்துமசுக்கு மலையூர் ஒன்றுக்குப் பொருள்கள் கொண்டுபோகக் கை கொடுத்தவர்களுக்கெல்லாம், பொங்கல் வேலை தலைக்கு மேல் வருவதற்குள் நன்றி சொல்லி முடித்துவிடு என்று அம்மா நச்சரிக்கிறார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டால் யாராவது ஒருவர் விட்டுப்போவார். விட்டுப்போனவர் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் நம்மிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதனால் எல்லோருக்குமாக இந்த ஒரே மடல். பெயரைப் போட்டுவிடாதே என்று உங்களில் பாதிப் பேர் சொல்லியிருக்கிறீர்கள். சரி, யார் பெயரையும் போடவில்லை. உங்களைப் பற்றிய வரி வரும்போது உங்களுக்கே தெரியும்.

எங்கள் குடும்பத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பூர்வீகம் தர்மபுரிப் பக்கம் கோவிலூர். தாத்தா காலத்தில் கிருஷ்ணகிரிக்குக் குடிவந்தோம். அப்போது இது எல்லாமே ஒரே தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004இல்தான். தாத்தா ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரே தானில் துணி கிழித்து, வீட்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்துக் கொடுப்பார். நள்ளிரவுப் பூசைக்கு நாங்கள் வரிசையாக உள்ளே போனால் பேண்டு வாத்தியக் கோஷ்டி வந்ததுபோல இருக்கும். மறுநாள் காலையில் அதிரசம், நெய்முறுக்கு, கேக்கு எல்லாம் அடுக்கிய தட்டுகள் தெருவில் வீடு வீடாகப் போகும். தீபாவளிக்குத் தெருக்காரர்கள் வீட்டுத் தட்டும், ரம்ஜானுக்குப் பாய் வீட்டுப் பிரியாணியும் நமக்கு வந்திருக்கும் அல்லவா. எந்தத் தட்டும் வெறுந்தட்டாகத் திரும்பி வந்ததில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள்.

தாத்தா போன பிறகு இந்தக் கொடுக்கல் வாங்கல் எங்கள் வீட்டில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணிக்குச் சேலை, மச்சானுக்குச் சட்டை, தலை கிறிஸ்துமஸ் மாப்பிள்ளைக்கு மோதிரம், பெரியவர்களுக்குள் யார் யாருக்குப் பரிசு தருவது என்று குலுக்கி எடுக்கும் கிறிஸ்மா கிறிஸ்சைல்டு சீட்டு. போன வருஷம் அவர்கள் எவ்வளவுக்கு எடுத்தார்கள், இந்த வருஷம் நாம் எவ்வளவுக்கு எடுப்பது என்று கணக்குப் பார்த்தே டிசம்பர் கழிந்தது. ஓசூரில் இருப்பவர்களும் திருப்பூரில் இருப்பவர்களும் பீரோ நிறையத் துணி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இன்னொரு துணியை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் ஆயா தான் ஆரம்பித்தார். குழந்தைகளுக்கு மட்டும் எடுங்கள், பெரியவர்கள் ஒருவருக்கொருவர் எடுக்க வேண்டாம், அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள் என்றார். முதல் நன்றி இதற்கு ஒத்துக்கொண்டவர்களுக்கு. அதிலும் முக்கியமாகச் சித்திக்கு. ஏழு நாத்தனார்களுக்கும் எந்த நிறம் பொருந்தும் என்று ஆகஸ்டிலேயே யோசிக்கத் தொடங்குகிறவர் அவர். ‘சேலை எடுக்காம என்ன கிறிஸ்மஸ்’ என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரேதான் காசு சேர்க்கும் பையைத் தைத்துக் கொண்டுவந்தார்.

அந்தப் பை யோசனை எங்கள் பங்குக் கோவிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர் ஒருவருடையது. பாரீசில் 1833இல் பிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கிய சபை அது. அப்போது அவருக்கு வயது 20. அந்தச் சபைக் கூட்டங்களில் இன்றைக்கும் வாய் மூடிய ஒரு பை சுற்றி வரும். எல்லோரும் கையை உள்ளே விட வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள், யார் போடவே இல்லை என்பது வெளியே தெரியாது. சித்தி தைத்த பையும் அப்படித்தான் சுற்றியது. ஆகவே உங்களில் யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே அளவு நன்றிதான் சொல்ல முடியும். கூடப் போட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். வாங்குவதற்கு முன் போய்க் கேளுங்கள் என்றார். நேரில் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதுதான் அவர்கள் சபையின் பிரதான வேலை. நாங்கள் பெட்டமுகிலாளம் மலைப்பக்கத்தில் ஒரு சிற்றூரை மனதில் வைத்திருந்தோம். பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். டிசம்பரில் அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும். போர்வையும் பிள்ளைகளுக்குத் துணியும் என்று நாங்களே பட்டியல் போட்டு முடித்துவிட்டோம். அங்கே வேலை பார்க்கும் டீச்சரம்மா அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘சீருடை கவர்மெண்ட்ல குடுக்கறாங்க, அதையே வீட்லயும் போட்டுக்கறாங்க, கலர் துணி குடுத்தா சந்தோசந்தான். ஆனா பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்’ என்றார்.

கேட்டுச் சொன்னார். அவர்கள் கேட்டது ஓர் அண்டா.

கல்யாணம், காது குத்து, மாரியம்மன் பண்டிகை, சாவு எது வந்தாலும் கீழே இறங்கி வாடகைப் பாத்திரம் எடுக்க வேண்டும். பாத்திர வாடகையைவிட அதை மேலே ஏற்றி இறக்கும் வண்டி வாடகை அதிகம். ஒருநாள் தாமதமானால் இன்னொரு நாள் வாடகை. எங்களில் யாருக்கும் இது தோன்றியிருக்காது. எங்கள் தெருமுனையிலேயே பந்தல், பாத்திரக் கடை இருக்கிறது. டீச்சரம்மா, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. பிள்ளைகளின் அளவை எடுத்து அனுப்பியதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நூல்; தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, முழங்காலுக்கு ஒரு முடிச்சு, நுனியில் பெயர் எழுதிய காகிதத்துண்டு. எங்கள் தையற்கடை அக்கா அந்த நூல்களை ஆணியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெட்டினார். தையல் கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். மீதியைப் பற்றிக் கேட்டால் மிஷினை வேகமாக மிதித்தார்.

போர்வைக் கடைக்காரர் அண்ணனுக்கு அடுத்து. தானம் கொடுக்க என்றதும் எல்லாக் கடையிலும் விலை குறைந்த பானிப்பட் கம்பளியைத்தான் எடுத்துப் போடுவார்கள். பழைய கம்பளித் துணிகளைப் பிய்த்து நூலாக்கி நெய்வது அது. இவர் அதை விரித்து உள்ளங்கையால் நாலு தேய் தேய்த்தார். கை முழுக்கப் பஞ்சு. ‘ரெண்டு தடவ தொவைச்சா இதுல ஒண்ணும் இருக்காது. மலைக்குன்னா சென்னிமலை எடுத்துக்கங்க, ரெண்டு சேர்த்துப் போத்திக்கலாம், தொவைச்சுக் காய வெக்கலாம்’ என்றார். தன் கடையில் சென்னிமலைப் போர்வை போதிய அளவு இல்லாததால், தனக்கு இலாபம் இல்லாமல் நெசவாளர் இடத்திலிருந்தே வரவழைத்துக் கொடுத்தார். எண்ணிக்கை குறைந்தது, உண்மைதான். வீட்டுக்கு ஒன்று என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி பாத்திரக்கடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நூறு பேருக்குச் சோறு வேகும் அலுமினிய அண்டா, குழம்புக்கு ஒரு குண்டான், நாலு சாம்பார் வாளி, கரண்டிகள், உட்கார ஜமக்காளம். எல்லாம் எடுத்து வைத்ததும் கடைக்காரர் உளியையும் சுத்தியலையும் கையில் எடுத்துக்கொண்டு, ‘அன்பளிப்புன்னு போட்டு என்ன பேரு வெட்டணும்?’ என்று கேட்டார். மாமா தாத்தா பெயரைச் சொன்னார். அத்தை, பணம் எல்லோருடையது, குடும்பப் பெயர்தான் வர வேண்டும் என்றார். பெங்களூரிலிருந்து வந்த தம்பி தேவாலயத்தின் பெயரைப் போடலாம் என்றான். கடையில் நின்ற மற்ற வாடிக்கையாளர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் டீச்சரம்மாவுக்கே போன் போட்டோம். அவர் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ‘ஊர் பேரைப் போடுங்க. பக்கத்து ஊர்க்காரங்க இரவல் வாங்கிட்டுப் போனா எப்படித் திரும்பி வரும்?’

அவ்வளவுதான். சண்டை தீர்ந்தது. ஊர்ப் பெயரும், அதன் கீழே ‘பொது’ என்ற சொல்லும் புள்ளி புள்ளியாக விழுந்தன. வெட்டுக்கூலியை நீட்டியபோது, ஊர்ப் பொதுச் சொத்துக்குக் காசு வாங்குகிற பழக்கம் இல்லை என்று கடைக்காரர் தள்ளிவிட்டார். அண்ணா, இதுவரை உங்கள் கடையில் எத்தனையோ பெயர்களை வெட்டியிருப்பீர்கள். உங்கள் பெயரை நான் இங்கே போட முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். மாமா, நீங்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தாத்தா பெயரில் ஏற்கெனவே வீட்டில் ஆறு சொம்பு இருக்கிறது.

பாடகர் குழுத் தம்பி தங்கைகளே, வீடு வீடாகக் கேரல் பாடிச் சேர்த்த காணிக்கையில் ஒரு பங்கை நீங்களாகவே கொண்டுவந்து கொடுத்தீர்கள். அதில் வண்டிச் செலவு முடிந்தது. அனுமதித்த பங்குத்தந்தைக்கும் நன்றி. லுத்தரன் சபை நண்பர்கள் செய்து கொடுத்த கேக்கும் முறுக்கும் மலைக்குப் போயின. கிருஷ்ணகிரியில் 1895இல் அமெரிக்க லுத்தரன் மிஷன் வேலை தொடங்கிய நாள் முதல் அவர்களும் கத்தோலிக்கர்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறோம். ஒன்றாகச் சேர்ந்து முறுக்குப் பிழிவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடும் எங்கள் சின்னவனுக்குத் தனியாக ஒரு நன்றி. சிவப்பு அங்கியோடு வருவேன், போட்டோ எடுக்கலாம், ஒருவர் பேனரும் அடித்துத் தருகிறேன் என்கிறார் என்று குதித்துக்கொண்டிருந்தான். ஆயா அவனை உட்கார வைத்துப் புனித நிக்கோலாசின் கதையைச் சொன்னார். இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா நகரத்தின் ஆயர் அவர், நான்காம் நூற்றாண்டுக்காரர். ஏழைத் தகப்பன் ஒருவனின் மூன்று பெண்களுக்கும் கல்யாணச் செலவுக்காக இரவோடு இரவாகச் சன்னல் வழியே பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனவர் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. டிசம்பர் 6 அவருடைய திருநாள். ‘அந்தத் தாத்தா ராத்திரியில வந்தாரு, நீ மேளம் வெச்சுக்கிட்டு வர்றே’ என்றார் ஆயா. பையன் சாதாரணச் சட்டையில் வந்து, அண்டாவின் ஒரு பக்கத்தைத் தலையில் தாங்கி, வண்டி போகாத கடைசி மேட்டில் ஏறினான். பேனரும் இல்லை, போட்டோவும் இல்லை. அதனால்தான் இந்த மடல் இவ்வளவு நீளம்.

வண்டி ஓட்டிய தம்பியை மறக்கவே மாட்டோம். ராகி முற்றுகிற மாதங்களில் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டம் இறங்கும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘நம்மளுது குட்டி யானை, அதுங்க பெரிய யானை, அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்’ என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். சொன்னபடியே எங்களைக் கிளப்பியும் விட்டார். ஆனால் அவர் செய்த பெரிய உதவி வேறு. ஊர்ப் பெரியவர் ஒருவர் அண்டாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் எதுக்குங்க?’ என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. கீழேயிருந்து வருகிறவர்கள் எதையோ எதிர்பார்த்துத்தான் தருவார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு வாய் வரவில்லை. தம்பி கன்னடமும் தமிழும் கலந்து, ‘அவங்க வீட்ல பண்டிகை. தட்டு கொண்டாந்திருக்காங்க, தட்டு கொஞ்சம் பெருசாப் போச்சு’ என்றார். பெரியவர் சிரித்துவிட்டார்.

தட்டு என்று சொன்னதன் பலன் கிளம்பும்போது தெரிந்தது. வண்டியில் ஒரு மூட்டை புது ராகியும், ஒரு கோணி நிறைய அவரைக்காயும் ஏறியிருந்தன. வேண்டாம் என்று நான் வாயெடுத்தேன். ஆயா என் கையைக் கிள்ளினார். இரண்டு கையாலும் வணங்கி, வாங்கிக்கொள்கிறோம் தாயி என்று அவரே சொன்னார். என்னைக் கேட்டால் எங்கள் குடும்பம் இந்தக் கிறிஸ்துமசில் வாங்கிய ஒரே பரிசு அதுதான். போர்வையை வாங்கிக்கொண்ட அந்த ஊர் அம்மாக்களே, அய்யாக்களே, பிள்ளைகளே, இந்த மடலில் பெரிய நன்றி உங்களுக்குத்தான். டீச்சரம்மா படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவரைக்காய் தாங்காது என்பதால் அன்றைக்கே தெருவில் பங்கு போட்டுவிட்டோம். ராகியை மில்லில் கொடுத்து அரைத்து, உதவிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறது. தையற்கடை அக்காவும் போர்வைக் கடை அண்ணனும் வாங்கிக்கொண்டார்கள்; பாத்திரக்கடைக்கு நாளை கொண்டுபோகிறேன். மற்றவர்கள் பொங்கலுக்குள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பையில் மீதமான தொகையைக் கணக்குச் சீட்டோடு வின்சென்ட் தே பவுல் சபையில் ஒப்படைத்துவிட்டோம். பார்க்க வேண்டியவர்கள் அங்கே பார்க்கலாம்.

மாட்டுப் பொங்கலன்று ஊர்ப் பொதுச் சமையலாம், புது அண்டாவில்தான் சோறாம், கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். வண்டிக்காரத் தம்பி காலையில் கிளம்புகிறார், அதே அஞ்சு மணிக் கணக்குத்தான். வருகிறவர்கள் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சித்தி, நீங்கள் முன் சீட்டு.

இப்படிக்கு,
கோவிலூர்க் குடும்பத்தார் அனைவரின் சார்பாக,
ஆயாவின் மூத்த பேத்தி
கிருஷ்ணகிரி