சாம்பலைச் சாம்பலாகவே அச்சிட

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், அத்தனை பேருக்கும் சந்தோஷம். எனக்கும் இங்கே ஒரு சேதி உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் உன் அச்சு விவகாரம். கட்டடப் படங்களை ஆளுயரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் அடித்தாய், மேகம் பச்சையடித்தது, நிழல் சிவப்படித்தது, ஃபோட்டோஷாப்பில் கர்வ் (டோனை ஏற்றி இறக்கும் வளைகோடு) போட்டுப் போட்டுப் பார்த்தும் சரியாகவில்லை என்கிறாய்.

கர்வ் போடுவதை இன்றோடு விட்டுவிடு. எஸ்ஆர்ஜிபி ஆனாலும் அடோபி ஆர்ஜிபி ஆனாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் சமமாக இருந்தால் அது சுத்தமான சாம்பல்தான். கோப்பில் குற்றம் இல்லை. மையும் தாளும் சேரும் இடத்தில்தான் கோளாறு. அங்கே சரிசெய்யாமல் படத்தைத் திருத்தினால், அந்தத் திருத்தம் அந்த ஒரு தாளுக்கு மட்டும்தான் செல்லும். வேறு ரோல் போட்டதும் எல்லாம் மறுபடி ஆரம்பம். அப்புறம், ஆஃப்செட் அச்சுக்கான சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) புரொஃபைலில், அதாவது மையும் தாளும் சேர்ந்து தரும் நிறத்தைக் குறித்து வைக்கும் கோப்பில், மாற்றி ரிப்புக்கு (படத்தை மைப்புள்ளிகளாக்கும் மென்பொருள்) அனுப்பாதே. ஆர்ஜிபியாகவே அனுப்பு.

சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் சம அளவில் கலந்தால் சாம்பல் வராது, பழுப்புதான் வரும். சயான் மை சிவப்பு ஒளியை மட்டும் உறிஞ்சாமல் பச்சை, நீல ஒளியிலும் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. மெஜந்தாவும் நீலத்தில் கை வைக்கிறது. அதனால்தான் ஆஃப்செட்டில் நடுச் சாம்பலுக்கு சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்ற கணக்கு வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. உன் மிஷினில் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் சிக்கல் ஒன்றுதான். மூன்று மைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு நிற்கும் சாம்பலில், மை தெளிக்கும் ஹெட்டின் சூடு கொஞ்சம் மாறினாலும், அதில் ஒரு நாசில் (மைத்துளை) அடைத்தாலும் சமநிலை போய்விடும். அடர்ந்த சிவப்பில் அந்த மாற்றம் யார் கண்ணிலும் படாது. சாம்பலில் உடனே பச்சை தெரியும்.

ஆகவே நான் நம்புவது இதுதான்: சாம்பலுக்குள் எவ்வளவு குறைவாக வண்ண மை இருக்கிறதோ அவ்வளவு நல்லது. புரொஃபைல் செய்யும்போது ஜிசிஆர் அளவைக் கூட்டு. அதாவது, மூன்று வண்ணமும் சேர்ந்து செய்யும் சாம்பல் வேலையைக் கறுப்பு மையிடம் கொடு. ஆனால் நாலு மை மிஷின் என்றால் இதை மேகம் வரை கொண்டுபோக முடியாது. வெளிர் டோனில் கறுப்புப் புள்ளிகள் தூரம் தூரமாக விழுந்து மணல் தூவியதுபோலத் தெரியும். அங்கே கறுப்பைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கவிட வேண்டியதுதான். வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு என்று கூடுதல் மைகள் உள்ள மிஷினில் இந்தச் சங்கடம் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அடுத்த மிஷின் வாங்கும்போது வேகத்தைப் பார்க்காதே, எத்தனை கறுப்பு என்று பார். கறுப்பு மட்டும் போட்டாலும் முழு நடுநிலை கிடைத்துவிடாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். கரி நிறமியை நீர்க்கச் செய்தால் லேசாகப் பழுப்பு எட்டிப்பார்க்கும். துளி வண்ணம் சேர்த்துத்தான் அதை அடக்க முடியும்.

புரொஃபைலுக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை நீ அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறாய் என்று தோன்றுகிறது. நாசில் செக், பிறகு இங்க் லிமிட் (தாள் தாங்கும் மையின் உச்ச அளவு), பிறகு லீனியரைசேஷன் (ஒவ்வொரு மையும் படிப்படியாகச் சீராக ஏறும்படி செய்வது), கடைசியில்தான் புரொஃபைல். சால்வென்ட் (கரைப்பான்) மை என்றால் புரொஃபைலுக்கான வண்ணக் கட்டச் சார்ட்டை அடித்த கையோடு அளக்காதே, ஒரு நாள் காயவிடு.

இப்போது என் சேதி. வலது கண்ணில் கண்புரை எடுத்துவிட்டார்கள், இடது கண் பாக்கி. ஒரே தாளை வலது கண்ணால் பார்த்தால் நீலம் ஏறிய வெள்ளை, இடது கண்ணால் பார்த்தால் பழைய காகிதம். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) மஞ்சளித்து நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். இத்தனை வருடம் இந்தக் கண்களை நம்பியா வண்ணம் பார்த்தோம் என்று ஆகிவிட்டது. நீயும் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியை எடு. 0 முதல் 100 வரை ஐந்து ஐந்தாக ஏறும் சாம்பல் பட்டை ஒன்றை அடித்து, அது தரும் லேப் எண்களில் ஏ (பச்சை-சிவப்புச் சாய்வு), பி (நீலம்-மஞ்சள் சாய்வு) இரண்டையும் வரிசையாக எழுதிப் பார். எல்லாப் படியிலும் பூஜ்யம் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. உன் தாளில் வெளுப்பூட்டி இருக்கிறது, அது புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது, அதனால் வெறும் தாளே நீலப் பக்கம்தான் நிற்கும். அப்படிப்பட்ட தாளில் வெளிர் சாம்பலைப் பூஜ்யத்துக்கு இழுத்தால் பக்கத்து வெள்ளைக்கு எதிரே அது மஞ்சளாகத் தெரியும். தாளின் நிறத்தில் தொடங்கி, டோன் அடர அடரப் பூஜ்யத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போனால் போதும். தாளின் வெள்ளையையே வெள்ளையாக வைத்து நிறம் மாற்றும் ரிலேடிவ் கலரிமெட்ரிக் முறை இதைத்தான் செய்கிறது. நடுவில் ஒரு படி மட்டும் பச்சைக்குத் துள்ளினால் அதுதான் ஆபத்து, பார்ப்பவர் அதை விடமாட்டார்.

எந்த வெளிச்சத்தில் பார்த்தாய் என்று நீ எழுதவே இல்லை. 5000 கெல்வின் விளக்கில் சரியாக இருந்த சாம்பல் வரவேற்பறை எல்இடியில் சிவக்கலாம். வண்ண மைகளால் கட்டிய சாம்பலுக்கு இந்தக் குணம் அதிகம். கரிக் கறுப்பு எல்லா அலைநீளத்தையும் ஏறக்குறைய சமமாக உறிஞ்சுவதால் விளக்கு மாறினாலும் அவ்வளவாக மாறாது. கறுப்பின் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம். சுற்றி இருக்கும் நிறமும் முக்கியம். பாரீஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் சரியில்லை என்று புகார் வந்தபோது, சாயத்தில் பிழை இல்லை, பக்கத்து நிறங்கள்தான் கண்ணை மாற்றுகின்றன என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் கண்டுபிடித்து 1839-இல் எழுதினார். மஞ்சள் சுவரில் சாய்த்து வைத்த சாம்பல் நீலமாகத்தான் தெரியும்.

மறுபடி அடிக்கும் முன் வாடிக்கையாளரிடம் படங்கள் எந்த விளக்கின் கீழ் தொங்கப் போகின்றன என்று கேட்டுவிடு. பட்டையை அளந்து எண்களை அனுப்பு, கூடவே கறுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் எழுது. உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்