அந்தக் கோடு எவ்வளவு நகர்ந்தது?

அன்புள்ள வாணிக்கு,

போன வாரமும் நீ போனை எடுக்கவில்லை. இரவெல்லாம் தொலைநோக்கியோடு விழித்திருப்பாள், பகலில் தூங்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். தூங்குகிறாய் அல்லவா? ஒரு வரி எழுதி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இங்கே எல்லாரும் நலம். தம்பி விஷயம் முடிந்துவிட்டது, அவனே சொல்வான்.

உன் நட்சத்திர ஜோடிகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். 2019-ல் அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத் தொலைநோக்கியின் உதவியால் கெவின் பர்ட்ஜ் குழு கண்டுபிடித்த ஜோடி 6.91 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறதாம். இரண்டும் வெண்குறு விண்மீன்கள், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரங்கள், அவற்றின் பாதையையும் சேர்த்து சனிக் கோளுக்குள் அடக்கிவிடலாமாம்! மாடியில் காயும் துணியை எடுத்து வந்து நான் மடித்து முடிப்பதற்குள் ஒரு சுற்று.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது 12.75 நிமிட ஜோடிதான். 2011-ல் கண்டுபிடித்தார்கள். ஈர்ப்பலைகளாக, அதாவது வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளாக, ஆற்றல் வெளியேற வெளியேற அவை நெருங்குகின்றன, சுற்றும் வேகம் கூடுகிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஒன்றை ஒன்று மறைக்கும் நேரம் எதிர்பார்த்ததைவிட 6 விநாடி முந்தி வந்தது. விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் அந்த 6 விநாடி தெரிந்தது. நீயும் அப்படிப் பார்க்கிறவள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தூங்கு.

வாணி, அன்று இரவு இரண்டு மணிக்கு நீ கூப்பிட்டாய். "அப்பா, கோடு நகருது" என்றாய். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய். நான் என்ன கேட்டேன்? "சரி, இதனால் வேலை நிரந்தரமாகுமா?" என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. "வச்சிடறேன்ப்பா" என்றாய். அப்புறம் என்னிடம் நீ நட்சத்திரம் பேசவே இல்லை, மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதோடு சரி.

நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் ஹைட்ரஜன் கோடு நீலப் பக்கம் போனால் அந்த நட்சத்திரம் நம்மை நோக்கி வருகிறது, சிவப்புப் பக்கம் போனால் விலகுகிறது. மாறி மாறி நகர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று அதைச் சுற்றி இழுக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. இது புரிந்த பிறகுதான் அன்று நீ எதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாய் என்று தெரிந்தது. அதை நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த நீல நோட்டைக் காட்டியபோதும் பார்க்கவில்லை. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, அப்பாதான் கேட்கத் தெரியாதவன்.

2035-ல் லிசா என்ற விண்வெளி ஆய்வகத்தை விண்ணில் ஏவப் போகிறார்களாமே, இந்த ஜோடிகளின் ஈர்ப்பலையைப் பிடிக்க. அப்போது எனக்கு 76 வயது. இருப்பேன்.

அந்தக் கோடு எவ்வளவு நகர்ந்தது? உன்னுடையது எத்தனை நிமிட ஜோடி? நன்றாகத் தூங்கி எழுந்து கூப்பிடு. இரவு இரண்டு மணியானாலும் சரி, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அப்பா