கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போ

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. படிப்பு ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் வளாகத்தில் நடக்கும் கருத்துச் சுதந்திரக் கூட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் போ. போவதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும்.

உன்னுடையது அரசுப் பல்கலைக்கழகம். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசைத்தான். எனவே பேச்சாளரின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக உங்கள் நிர்வாகம் அவரைத் தடுக்க முடியாது. தனியார் பல்கலைக்கழகங்களில் பொதுவாக மாணவர் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். கலிஃபோர்னியாவில் மட்டும் 1992இல் வந்த லியனார்டு சட்டம் தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் பெருமளவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

ஆனால் எங்கே, எப்போது, எப்படிப் பேசலாம் என்று அரசுப் பல்கலைக்கழகமும் விதி போடலாம். வகுப்பு நேரத்தில் ஒலிபெருக்கி கூடாது, கட்டட வாசலை மறிக்கக் கூடாது என்றெல்லாம் சொல்ல அதற்கு உரிமை உண்டு. எல்லாத் தரப்புக்கும் அதே விதி பொருந்துகிறதா என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். பேச்சு எதிர்ப்பைக் கிளப்பும் என்று கருதி அதற்கு மட்டும் கூடுதல் பாதுகாப்புக் கட்டணம் வாங்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1992இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

இந்த உரிமைகளை மாணவர்கள் போராடித்தான் வாங்கினார்கள். 1964 செப்டம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக நிர்வாகம், வளாக வாசலில் மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை கொடுப்பதைத் தடை செய்தது. அக்டோபர் 1 அன்று, மேசையில் உட்கார்ந்திருந்த முன்னாள் மாணவர் ஜாக் வைன்பெர்க்கைக் கைது செய்து போலீஸ் காரில் ஏற்றினார்கள். கார் நகரவில்லை. மாணவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், 32 மணி நேரம். காரின் கூரைமேல் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறிப் பேசினார்கள். மாணவர் தலைவர் மாரியோ சாவியோ ஏறும்போது, காருக்குச் சேதம் வரக்கூடாது என்று காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். எனக்கு அந்தப் போராட்டத்தில் மிகவும் பிடித்த காட்சி அது. டிசம்பர் 8 அன்று ஆசிரியர் பேரவை 824க்கு 115 என்ற வாக்கில் மாணவர் பக்கம் நின்றது.

சரி, உன் கூட்டத்துக்கு வருவோம். அறிவிப்பை முழுசாகப் படி: மாணவர் அட்டை வேண்டுமா, பெரிய பைக்கு அனுமதி உண்டா, தட்டி கொண்டுவரலாமா என்று. தட்டிக்கு அனுமதி இருந்தாலும் குச்சிக்குப் பெரும்பாலும் இருக்காது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அரைமணி முன்னால் போய் நடைபாதை ஓர இருக்கையாகப் பிடி. கேள்வி நேரத்து மைக் அங்கேதான் இருக்கும். வரிசையில் பத்தாவது ஆளாக நின்றால் வாய்ப்பு வராது.

கேள்வியை எழுதி வைத்துக்கொள். இரண்டே வாக்கியம்: முதலில் விவரம், அடுத்தது கேள்வி. வாய்விட்டுப் படித்தால் முப்பது விநாடிக்குள் முடிய வேண்டும். நிறையப் பேர் தங்கள் கருத்தையே இரண்டு நிமிடம் பேசுவார்கள், நெறியாளர் மைக்கை வாங்கிவிடுவார், கேள்வி கேட்கப்படாமலே போய்விடும். "கருத்துச் சுதந்திரத்தை மதிக்கிறீர்களா?" என்று கேட்டால் "நிச்சயமாக" என்று சொல்லி அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். "வளாகத்தில் கூடாரம் போட்டுப் போராடத் தடை விதிக்கும் விதியை யார், எந்தத் தேதியில் கொண்டுவந்தார்கள், அதற்கு முன் மாணவர் பேரவையைக் கேட்டீர்களா?" என்று கேள். மழுப்பினாலும் மழுப்பியது அரங்கத்துக்கே தெரியும்.

பேச்சு பிடிக்கவில்லையா? எழுந்து வெளியேறலாம், முதுகைத் திருப்பி உட்காரலாம், வெளியே எதிர்க்கூட்டம் போடலாம். பேசவே விடாமல் கத்துவது வேறு. 2010இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இஸ்ரேல் தூதர் பேசும்போது மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து குறுக்கிட்டார்கள். பதினொரு பேர் கைதானார்கள். கூட்டத்தைக் குலைத்த குற்றத்துக்காகப் பத்துப் பேருக்கு 2011இல் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கே போட்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆனாலும் சட்டம் அங்கே இருக்கிறது.

வெளியே நிலைமை சூடானால், கண்ணைப் பறிக்கும் பச்சைத் தொப்பி போட்டவர்களைப் பார். தேசிய வழக்கறிஞர் சங்கத்தின் பார்வையாளர்கள் அவர்கள், நடப்பதைக் குறித்துக்கொள்வார்கள். கலைந்து போகும்படி போலீஸ் அறிவித்தால் உடனே கிளம்பு. வேடிக்கை பார்த்து நிற்பவரையும் கைது செய்யலாம். உன்னை நிறுத்தினால் "நான் போகலாமா?" என்று மட்டும் கேள். போகக் கூடாது என்றால், வக்கீல் இல்லாமல் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்.

போனில் முகம், கைரேகைப் பூட்டை நிறுத்திக் கடவுச்சொல் வை. கைது செய்தாலும் போனைத் துழாவ நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. விமான நிலையக் குடிவரவுச் சோதனைக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. வக்கீல் எண்ணைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள். போனைப் பிடுங்கிவிட்டால் எந்த எண்ணும் நினைவுக்கு வராது.

உனக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா என்பதால் இதையும் சொல்கிறேன். விசா விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்பார்கள். வழக்கு தள்ளுபடியானாலும் பதில் எழுத வேண்டும். 2025இல் போராட்டங்களில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசா ரத்தானது. கூட்டத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பதும், கட்டடத்தை ஆக்கிரமித்து உட்காருவதும் உன் நிலையில் ஒன்றல்ல. எதுவரை போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய், கூட்டத்தின் வேகத்தில் முடிவு செய்யாதே. கூடவே வரும் தோழியிடமும் அதைச் சொல்லி வை.

கேள்வியை எழுதியதும் எனக்கு அனுப்பு. நீளமாக இருந்தால் வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
வசந்தா