படைப்புத் தொழிலாளரையும் ஏற்றுமதிக் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு,

இலங்கையின் போட்டித்திறன் பற்றிப் பேச்சு வந்தாலே துறைமுகம், மின்கட்டணம், வரிச்சலுகை, கூலி இந்த நாலோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், பத்திரிகைகளின் பொருளாதாரப் பக்கங்களும் அப்படித்தான். துணிக்கு டிசைன் போடுகிறவர், கட்டடத்துக்கு வரைபடம் போடுகிறவர், விளம்பரத்துக்கு வாசகம் எழுதுகிறவர், இசை அமைக்கிறவர், வீடியோ எடிட் பண்ணுகிறவர் ஒருவரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கொட்டாஞ்சேனையில் வடிவமைப்பு வேலை செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆடைத் தொழிலையே எடுப்போம். நம் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 40 வீதம் அதிலிருந்து வருகிறது. வெளிநாட்டுக் கம்பனி தந்த படத்தைப் பார்த்துத் தைத்துக் கொடுப்பதோடு நின்றால், நம்மைவிடக் குறைந்த கூலிக்குத் தைக்க பங்களாதேஷில் ஆள் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தபோது கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் வீடுகள் எப்படித் தவித்திருக்கும்! பிறகு 20 வீதமாகக் குறைத்தார்கள், சரி, ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கப்படும் சரக்கை விற்கிறவன் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடுங்க வேண்டும். டிசைன் நம்முடையது, அதை நம்மிடம்தான் வாங்க முடியும் என்றால் விலை பேசும் இடத்தில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். நம் பெரிய ஆடை நிறுவனங்களுக்கு இது எப்போதோ விளங்கிவிட்டது, மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் ஆடை வடிவமைப்பில் பட்டம் கொடுக்கிறது. அரசியல் மேடைதான் தையல் மெஷினைத் தாண்டவில்லை.

இந்தக் கொழும்பிலேயே நடந்த கதை ஒன்றிருக்கிறது, அதை ஏன் யாரும் பொருளாதாரமாகப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 1952 இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கிவைத்தது. டொரிங்டன் சதுக்கத்திலிருந்த இலங்கை வானொலியிடம், இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிப் பிரித்தானியப் படைகள் அமைத்த, தூர நாடுகளுக்கும் கேட்கும் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. இந்தியக் கேட்போருக்காக ஹிந்தியிலும் தமிழிலும் பாட்டு போனது, அந்த நிகழ்ச்சிகளுக்கு இந்தியாவில் பொருள் விற்ற பற்பசைக் கம்பனி ஒன்றும் மற்றக் கம்பனிகளும் விளம்பரக் காசு கொடுத்தன. ஆனால் ஒலிபரப்பி மட்டும் இருந்தால் யார் கேட்பார்கள்? எஸ்.பி. மயில்வாகனம், அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று இங்கிருந்து பேசிய மனிதர்களின் குரலுக்கும் உச்சரிப்புக்கும் நிகழ்ச்சியைக் கட்டும் கெட்டித்தனத்துக்கும்தான் தமிழ்நாட்டின் ஊர்கள் காது கொடுத்தன. 1957 இல் இந்தியா விவித் பாரதி என்ற பாட்டு ஒலிபரப்பைத் தொடங்கிய பிறகும் அந்த நேயர்கள் பல வருஷம் கொழும்பை விடவில்லை. தேயிலைப் பெட்டி ஒன்றுகூட ஏற்றாமல், ஒரு ஸ்டூடியோவிலிருந்து நடந்த ஏற்றுமதி அது.

சுற்றுலாவுக்கும் இதே நியாயம்தான். 2024 இல் 20 இலட்சத்துக்கும் மேலானவர்கள் இங்கே வந்தார்கள். கடலும் வெயிலும் மாலைதீவிலும் கிடைக்கும், நம் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கண்டலமவில் மலையோடு ஒட்டிக் கட்டிய ஹோட்டல் வேறெங்கும் கிடைக்காது.

தென்கொரியாவைப் பற்றிச் சொன்னால், அது பணக்கார நாடு, நமக்குச் சரிவராது என்பார்கள். 1997 இல் அவர்களும் நம்மைப் போல சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் கடனுக்காக நின்றவர்கள். அந்த அடியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், 1999 இல், கலாசாரத் தொழில்களை வளர்க்கவென்றே ஒரு அடிப்படைச் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் அவர்களின் நாடகத்தைப் பார்த்துவிட்டு அவர்களின் முகப்பூச்சையும் நூடில்ஸையும் தேடி வாங்குகிறார்கள். பாட்டும் நாடகமும் முன்னால் போய் வழி திறக்க, சரக்கு பின்னால் வந்தது.

இங்கே எங்கள் நிலை என்ன? "முதலில் மூன்று டிசைன் போட்டுக் காட்டுங்கள், பிடித்தால் காசு பேசுவோம்" என்பார்கள். ஒரு கடைக்கு நான் அப்படி வரைந்து கொடுத்தேன், பிடிக்கவில்லை என்றார்கள், அப்புறம் பார்த்தால் அதே டிசைன் நிறம் மட்டும் மாறி அவர்களின் பெயர்ப்பலகையில் தொங்குகிறது. சட்டம் இல்லாமல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைத்தவர் வாழும் காலமும் அதன்பின் 70 வருஷமும் பதிப்புரிமை உண்டு, பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் சில ஆயிரம் ரூபா வேலைக்கு வக்கீல் பிடித்து நீதிமன்றம் ஏற யாரால் முடியும்? புலமைச் சொத்து அலுவலகத்தில் சிறு தொகைப் பிணக்குகளை விரைவாகவும் தமிழிலும் தீர்க்க ஒரு மேசை போட்டால் எங்களில் பலருக்கு அதுவே போதும்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து டொலர் கொண்டுவருகிறவர்களின் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதம் வரை வரி உண்டு. வரி கட்டமாட்டோம் என்று நான் சொல்லவில்லை, நாடு இருக்கும் நிலையில் எல்லோரும் கட்டத்தான் வேண்டும். ஆனால் வரிக்கு எங்களைத் தெரிந்துகொண்ட அரசுக்கு மற்ற நேரத்திலும் எங்களைத் தெரிய வேண்டும். தனியாக வேலை செய்கிறவருக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால் சம்பளப் பட்டியல் கேட்கிறார்கள், எங்களுக்குச் சம்பளமே இல்லையே, வேலைக்கு வேலை வரும் பணம்தானே! 2022 இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். நல்ல கை உள்ள இன்னும் பல பிள்ளைகள் போகத்தான் பார்க்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரித்தானியா 1998 இல் செய்த முதல் வேலை எண்ணிப் பார்த்ததுதான். விளம்பரம், கட்டடக்கலை, கைவினை, இசை, பதிப்பு, மென்பொருள் என்று 13 துறைகளாகப் பிரித்து, எத்தனை பேர், எவ்வளவு வருமானம் என்று கணக்கெடுத்தார்கள். நம் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் அதைச் செய்யட்டும். செட்டியார் தெருவில் நகைக்கு வேலைப்பாடு செய்கிறவரையும், மட்டக்களப்பில் விபுலானந்த நிறுவகத்திலோ யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடத்திலோ படித்துவிட்டு இங்கே ஒரு வாடகை அறையில் வேலை செய்யும் பிள்ளையையும் அந்தக் கணக்கில் விடாமல் சேர்க்கட்டும். அரசாங்க அலுவலகங்கள் எங்களிடம் வேலை வாங்கினால் எழுத்தில் ஒப்பந்தம் தரட்டும், 30 நாளுக்குள் காசைத் தரட்டும்.

கடை வைத்திருக்கும் வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை டிசைனுக்கு ஆள் தேடும்போது முதல் படம் வரையுமுன் விலையைப் பேசி, பாதிக் காசை முற்பணமாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வடிவமைப்பாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13